சிசிடிவி இருந்தும் திருடன் முகம் தெரியலையா? கேமரா மாட்டும்போது இதைக் கவனிங்க!

திருட்டு நடந்த பிறகு சிசிடிவி பதிவை ஓட்டிப் பார்த்தால், பல வீடுகளில் திருடனின் தொப்பியும் தலைமுடியும்தான் தெரியும். கேமராவில் கோளாறு இல்லை. மாட்டிய உயரம்தான் தவறு. யாரும் கழற்றிவிடக் கூடாதுன்னு மாடி உயரத்தில் மாட்டினால் முகம் சிக்காது. வாசலுக்கு சுமார் 8 அடி போதும். கேட்டைத் திறந்து வருபவர் நேரெதிரே தெரியும்படி லேசாகக் கீழே சாய்க்கணும். வாசல் மேற்குப் பார்த்ததா? சாயங்கால வெயில் லென்ஸில் நேராக விழுந்தால் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். சற்றுப் பக்கவாட்டில் திருப்புங்க.

இரவில்தான் பெரிய சிக்கல். கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பக்கத்துச் சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ பட்டுத் திரும்பினால் படம் வெள்ளையாகிடும். லென்ஸ் முன்னாடி ஒரு சிலந்தி வலை இருந்தாலே போதும்! ராத்திரி வீட்டில் ஒருவரை கேட்டிலிருந்து நடந்து வரச் சொல்லி, மொபைலில் பாருங்க. முகம் தெரியும் வரை கோணத்தை மாத்துங்க.

வைஃபை கேமராக்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும். செட்டப் பாதியில் நின்றால் முதலில் அதைப் பாருங்க. கூடவே, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாத்திடுங்க.

மோஷன் அலர்ட் பகுதியில் தெருவைச் சேர்க்காதீங்க. போகிற பைக்குக்கெல்லாம் அலர்ட் வந்தால், கடுப்பில் நீங்களே அதை ஆஃப் பண்ணிடுவீங்க.

மெமரி கார்டு நிரம்பினால் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். அதனால் ஏதாவது நடந்தால், அந்த வீடியோவை உடனே மொபைலில் சேமிச்சுடுங்க. கேமராவில் ஓடும் தேதியும் நேரமும் சரிதானான்னு இப்பவே பாருங்க.