கடல் தாண்டும் ஓசோன்

ஓசோனை எந்தப் புகைபோக்கியும் கக்குவதில்லை. கிழக்குச் சீனத்தின் அனல்மின் நிலையங்களும் லாரிகளும் கக்குவது நைட்ரஜன் ஆக்சைடு. வெயில் அதை உடைக்கும்; பிரிந்த ஆக்சிஜன் அணு, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு ஓசோனாகும். பெட்ரோல் ஆவி, பெயின்ட் ஆவி போன்றவையும் காற்றில் கலந்திருந்தால் உற்பத்தி பெருகும். தரையோடு தங்கினால் இந்த ஓசோனுக்கு ஆயுள் சில நாள்தான். இலை, மண், சுவர் எதில் பட்டாலும் சிதைந்துவிடும்.

வசந்தகாலம் அதற்கு வேறு வழி திறக்கிறது. அந்த மாதங்களில் ஆசியக் கரையை விட்டுக் கிளம்பும் புயற்சின்னங்கள், தரையோரக் காற்றை வாரி ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. அங்கே குளிர் அதிகம், ஈரம் குறைவு, மோதிச் சிதைய மண்ணும் மரமும் கிடையாது. ஆயுள் வாரக்கணக்கில் நீள்கிறது. பசிபிக்கைக் கடக்க மேற்குக் காற்றுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் போதும்.

கடல் தாண்டுவது ஓசோன் மட்டுமல்ல. கட்டுச்சோற்றோடு விதைநெல்லையும் முடிந்துகொண்டு கிளம்புவதுபோல, பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட் என்ற சேர்மமும் உடன் வருகிறது. குளிரில் அது நைட்ரஜன் ஆக்சைடைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கும். கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கடல்மேல் நிற்கும் உயர் அழுத்தப் பகுதியில் காற்று கீழிறங்கிச் சூடேறியதும் அது உடைந்து, சுமந்து வந்ததை விட்டுவிடும். வெயில் மறுபடி வேலையைத் தொடங்கும். சரக்கு ஆசியாவினுடையது; ஓசோன் பிறப்பதோ அமெரிக்க வாசலில்.

இதைக் கையும் களவுமாகப் பிடிக்கும் இடம், ஓரிகானில் உள்ள பேச்சிலர் மலை. உச்சிக்குப் போகும் பனிச்சறுக்கு லிஃப்ட் முடிகிற இடத்தில், சுமார் 2,760 மீட்டர் உயரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டான் ஜாஃபி குழு 2004 முதல் அளவெடுத்து வருகிறது. ஓசோனோடு கார்பன் மோனாக்சைடும் பாதரசமும் சேர்ந்து உயர்ந்தால், ஆசியக் காற்றோ என்று சந்தேகிக்கலாம். காற்று வறண்டு, கார்பன் மோனாக்சைடும் குறைந்திருந்தால் அது அடுக்குமண்டலத்திலிருந்து இறங்கிய இயற்கை ஓசோனாக இருக்கும்.

மலையுச்சியில் யார் மூச்சுவிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். நெவாடாவைப் பாருங்கள். அங்கே தரையே உயரம். பாலைவன வெயிலில் பிற்பகல் காற்று மூன்று நான்கு கிலோமீட்டர் வரை பொங்கிக் கலந்து, மேலே போய்க்கொண்டிருந்த ஓசோனைக் கீழே இழுத்துவிடுகிறது. வாகனமே அபூர்வமான கிரேட் பேசின் தேசியப் பூங்காவிலும் வசந்தத்தில் மானி ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வந்து சேரும் அளவு பெரும்பாலான நாட்களில் சொற்பம்தான். உள்ளூர் வாகனப் புகையை மறைக்க அதைச் சாக்காக்குவது எனக்கு ஒப்பாது. ஆனாலும் எட்டு மணிநேரச் சராசரிக்கான வரம்பை அமெரிக்கா 2015இல் நூறு கோடிக்கு 75 பங்கிலிருந்து 70 ஆக இறக்கியபின், அந்தச் சொற்பமே வரம்பை மீற வைக்கலாம். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தில் 179பி என்றொரு பிரிவு உண்டு: வெளிநாட்டுப் புகை வராதிருந்தால் வரம்புக்குள் இருந்திருப்போம் என்று நிரூபிக்கும் மாநிலத்துக்குச் சில சலுகைகள் கிடைக்கும். நிரூபிப்பதுதான் பாடு, தரையில் இருக்கும் மானிக்கு எல்லா ஓசோனும் ஒன்றுதான்.