எந்தக் கதவுக்கு எந்த ரிமோட்?

'யுனிவர்சல்' என்று எழுதி விற்கிறார்களே, அந்த ரிமோட் நம் வீட்டு ஆட்டோ கேட்டை ஏன் திறப்பதில்லை? தொலைக்காட்சி அரங்கில் இந்தக் கேள்வியை எடுத்து வைத்தபோது முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அன்று நேரம் போதாமல் விட்டுப் போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இது கடைக்காரரின் குறை மட்டும் அல்ல. சுவரைத் தாண்டாத ஒன்றுக்கும் சுவரைத் தாண்டும் ஒன்றுக்கும் இடையே உள்ள பழைய கதை.

பேராக் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சுவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் லயத்து வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருமினாலும் இந்தப் பக்கம் கேட்கும். ஒரு வீட்டு ரேடியோ பாடினால் வரிசை முழுக்கப் பாட்டுதான். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கம் புதுக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது ரேடியோப் பெட்டிகளைக் கொடுத்தது. ஒரு பெட்டியைச் சுற்றிப் பெரும் கூட்டமே உட்கார்ந்து கேட்டது. வானலையின் குணம் அப்படி. இன்னாருக்கு என்று பார்க்காது. மெங்லெம்புவுக்கு மேலே கிளேடாங் மலைக் கோபுரத்திலிருந்து வருகிற அலையும் ஈப்போவின் எல்லா வீட்டுக்குள்ளும் கேட்காமலேயே நுழைகிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கியது. வண்ணம் வந்தது 1978ல். ரிமோட் வருவதற்கு முன்னால் வீட்டின் கடைக்குட்டிதான் ரிமோட். "டேய், எழுந்து போய் மாத்து" என்றால் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு இருந்ததும் அரசாங்கத்தின் இரண்டு அலைவரிசைதான். 1984ல் டிவி3 வந்த பிறகே அந்தப் பிள்ளைகளுக்கு வேலை கூடியது!

ரிமோட்டின் பிறப்புக்காகக் கொஞ்சம் அமெரிக்கா போய் வர வேண்டும். கம்பி இல்லாத ரிமோட் முதலில் ஒளியால் வேலை செய்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வானலைதான் முந்திக்கொண்டது. பில்கோ நிறுவனம் தன் 1939ஆம் ஆண்டு ரேடியோக்களுக்காக 'மிஸ்டரி கண்ட்ரோல்' என்ற மரப்பெட்டி ஒன்றை வெளியிட்டது. பழைய டெலிபோனில் இருப்பது போல் ஒரு சுழல் வட்டம். சுழற்றினால் பெட்டியிலிருந்து வானலைத் துடிப்புகள் கிளம்பும். ரேடியோவுக்குள் இருக்கும் ரிசீவர் அவற்றை எண்ணிப் பார்த்து நிலையத்தை மாற்றும்.

பிறகு தொலைக்காட்சியின் முறை. சிகாகோவின் ஸெனித் நிறுவனம் 1950ல் கம்பி கட்டிய ரிமோட்டைக் கொண்டு வந்தது. கம்பி காலில் தட்டியது. 1955ல் யூஜின் போலி ஒளிக்கற்றையால் இயங்கும் ஒன்றைச் செய்தார். வெயில் பட்டாலே அலைவரிசை மாறியது. அப்படியானால் வானலையையே பயன்படுத்தலாமே? அங்கேதான் சுவர் குறுக்கே வந்தது, அல்லது வராமல் போனது. அடுக்குமாடியில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் பக்கத்து வீட்டுப் பெட்டியும் சேர்ந்து மாறிவிடும். நம் லயத்துப் பலகைச் சுவர்ப் பிரச்சினையேதான். ஆகவே ராபர்ட் ஆட்லர் 1956ல் காதுக்குக் கேட்காத ஒலியைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே சின்னச் சின்ன அலுமினியக் கம்பிகள், அவற்றைத் தட்ட ஒரு சுத்தி. பேட்டரியே தேவையில்லை. சில்லறைக் காசு குலுங்கினாலும் சில நேரம் அலைவரிசை மாறியது என்பது வேறு விஷயம்.

1980களில் அகச்சிவப்பு ஒளி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் முனையில் உள்ள சிறு விளக்கு பொதுவாக வினாடிக்கு சுமார் 38,000 தடவை மின்னுகிறது. கண்ணுக்குத் தெரியாது. பல கைப்பேசிக் கேமராக்களுக்குத் தெரியும், பிடித்துப் பாருங்கள். சுவரைத் தாண்டாத ஒளி என்பதால் ரகசியக் குறியீடு வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி எப்படி மின்னுகிறது என்று கற்றுக்கொண்டால் போதும், ஒரே ரிமோட் எல்லாப் பெட்டிக்கும் பேசும். ஆப்பிள் கணினியைப் படைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் 1987ல் வெளியிட்ட 'கோர்' ரிமோட் இப்படிக் கற்றுக்கொள்ளும் வகைதான். 'யுனிவர்சல்' என்ற சொல்லுக்கு மதிப்பு வந்தது இந்த ஒளி வட்டத்துக்குள். அதற்கு வெளியே அந்தச் சொல் வெறும் அட்டைப்பெட்டி எழுத்து.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, நம் மக்கள் தாமான்களுக்கு வந்தார்கள். வேலியில்லாத லயத்திலிருந்து வந்தவர்கள் இன்று இரும்புக் கேட்டுக்குப் பின்னால் வாழ்கிறார்கள். கேட்டைக் காருக்குள் இருந்தே திறக்க வேண்டும். அதற்கு ஒளி சரிப்படாது, வானலைதான் வேண்டும். அந்த அலையோ பக்கத்து வீட்டுக்கும் போகும். ஆகவே ஒரு பூட்டு தேவைப்பட்டது.

அமெரிக்காவில் தொடக்ககால கார் கொட்டகைக் கதவுகளில் அந்தப் பூட்டு இல்லை. ஒருவர் அழுத்தினால் தெருவில் நாலு கதவு திறந்தது. பிறகு ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே மாதிரி தள்ளி வைக்கும் குட்டிச் சுவிட்சுகள் வந்தன. நம் நாட்டு ஆட்டோ கேட் ரிமோட்டுகள் பலவற்றைத் திறந்தால் உள்ளே எட்டுச் சுவிட்சு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கூட்டல், சுழியம், கழித்தல் என மூன்று நிலை. மொத்தம் 6,561 விதமாக அமைக்கலாம். கேட்டைப் பொருத்தியவர் அவசரத்தில் எட்டையும் ஒரே பக்கம் தள்ளிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கணக்கால் பயனில்லை.

இங்கே என் பெரியம்மாவைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது ஈப்போவில் ஒரு தாமானில் தனியாக இருக்கிறார். கேட் ரிமோட் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒரு கடையில் 'எல்லா ரிமோட்டையும் காப்பி எடுக்கும்' ரிமோட் ஒன்றைக் கொடுத்தார்கள். பழையதன் எதிரே வைத்து அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. மோட்டாரை விடுவிக்கும் சாவியும் அகப்படாததால் கார் இரண்டு நாள் உள்ளேயே நின்றது. "எல்லாத்துக்கும் ஆகும்னு தவுக்கே சொன்னானேம்மா! நீதான் டிவியில பேசுறியே, கேட்டுச் சொல்லு" என்றார். திறந்து பார்த்தால், பெரியம்மாவின் கேட் 330 மெகாஹெர்ட்ஸ். புதிய ரிமோட் 433 மட்டும்தான் பேசும்.

நம் நாட்டுக் கேட்டுகளில் இந்த இரண்டும் பரவலாக உண்டு. அலைவரிசை ஒத்துப்போக வேண்டும். குறியீட்டை உருவாக்கும் சில்லின் வகை ஒத்துப்போக வேண்டும். பிறகுதான் குறியீடு. இதில் ஒன்று பிசகினாலும் ரிசீவர் ஊமைதான். அலைவரிசை நாட்டுக்கு நாடும் வேறுபடுகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கம், ஐரோப்பாவில் 433. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் ரிமோட் இங்கே வாய் திறக்காததற்கு இதுவும் காரணம்.

மாறாத குறியீட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. தெருவில் நின்று ஒரு முறை பதிவு செய்தவன் நாளைக்கு அதையே திருப்பி ஒலிபரப்பலாம். அதற்கு மருந்தாக வந்தது உருளும் குறியீடு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய எண். கிராணி செக்ரோலில் பெயரைப் பதிந்துவிட்டால் அன்று அதே ஆளை மறுபடி பதிய மாட்டார் அல்லவா, அது போல, ஒரு முறை வந்த எண்ணை ரிசீவர் மறுபடி ஏற்காது. இந்த வகையில் பேர்பெற்ற 'கீலாக்' தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவானது. 1995ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது.

பூட்டு பலமானது. கூடவே ஒரு புதிய கேள்வியும் எழுந்தது. வீட்டுக்காரர் ரிமோட்டைத் தொலைத்துவிட்டால், கேட் செய்த கம்பெனியிடமேதான் திரும்பப் போக வேண்டுமா? இதை அமெரிக்க நீதிமன்றம் விசாரித்தது. சேம்பர்லின் என்ற பெரிய நிறுவனம் உருளும் குறியீட்டுடன் கதவு இயக்கிகளை விற்றது. கனடாவின் ஸ்கைலிங்க் நிறுவனம் 2002 ஆகஸ்டில் 'மாடல் 39' என்ற பொது ரிமோட்டை வெளியிட்டது. அது சேம்பர்லின் கதவையும் திறந்தது.

எப்படித் திறந்தது என்பதுதான் சுவையானது. ரிமோட்டை வீட்டுக்கு வெகு தொலைவில் பிள்ளைகள் அழுத்தி விளையாடினால் ரிமோட்டின் எண்ணிக்கை முன்னே ஓடிவிடும், ரிசீவர் பின்தங்கிவிடும். அந்த நேரத்துக்காக சேம்பர்லின் ஒரு மாற்று வழி வைத்திருந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் ரிசீவர் சமாதானமாகி மீண்டும் கணக்கைச் சேர்த்துக்கொள்ளும். ஸ்கைலிங்க் அந்தப் பக்க வாசல் வழியாக நுழைந்தது. பூட்டை உடைக்கவில்லை.

எங்கள் மென்பொருளின் பாதுகாப்பைத் தாண்டிவிட்டார்கள் என்று சேம்பர்லின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் தோற்றது. 2004 ஆகஸ்ட் 31ஆம் தேதி மேல்முறையீட்டிலும் தோற்றது. கதவை விலைகொடுத்து வாங்கியவருக்கு, அதற்குள் உள்ள மென்பொருளைத் தன் கதவைத் திறக்கப் பயன்படுத்தும் உரிமை இருக்கிறது என்பதே தீர்ப்பின் சாரம். ரிமோட் சில்லறைச் சாமான்தான், ஆனால் அதன் பேரில் எழுந்த கேள்வி சில்லறை அல்ல. அச்சு இயந்திரத்துக்கு மை வாங்கும்போதும் இதே கேள்விதான் நிற்கிறது. நான் அந்த நீதிபதிகள் பக்கம்.

ஆனாலும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று வாதிட எனக்கு மனமில்லை. ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் கீலாக்கின் ரகசியத்தை வெளியே எடுத்துக் காட்டினார்கள். 2015ல் அமெரிக்கர் சாமி கம்கார் ஒரு பழைய பொம்மையை மாற்றியமைத்து, மாறாத குறியீடு கொண்ட கதவுகளைச் சில வினாடிகளில் திறந்தார். அந்த எட்டுச் சுவிட்சு கேட்டுகளும் மாறாத குறியீட்டு வகையைச் சேர்ந்தவை. சுலபமாகக் காப்பி எடுக்கக்கூடிய ரிமோட் நமக்கு மட்டும் சுலபமாக இருப்பதில்லை.

பெரியம்மா வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். ரிமோட்டைத் தேடுவதை விட்டுவிட்டு ரிசீவரை மாற்றினோம். பல கேட் மோட்டார்களில் சுவர்ப் பொத்தானுக்கென்று இரண்டு முனை உண்டு. உருளும் குறியீட்டு ரிசீவர் ஒன்றைத் தனியாக வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு அந்த முனைகளில் இணைத்தால் மோட்டாரை மாற்றத் தேவையில்லை. பழைய ரிசீவரைக் கழற்றச் சொல்ல மட்டும் மறக்காதீர்கள். அது அங்கேயே இருந்தால், பழைய குறியீட்டைத் தெரிந்து வைத்திருக்கும் எவருக்கும் கேட் முன்போலவே திறக்கும்.