தூசிப் பிரிப்பானும் அதன் அடிக்கலனும்

மரவேலைப் பட்டறைகளில் இயந்திரங்கள் தள்ளும் தூளையும் சீவலையும் காற்றோடு சேர்த்து இழுத்து, பின்னர் காற்றிலிருந்து அவற்றைப் பிரித்து வைக்கும் கருவி சைக்ளோன் எனப்படுகிறது. உருளையும் அதன்கீழ் ஒடுங்கும் கூம்பும் சேர்ந்த அதன் உடலுக்குள் தூசி சுமந்த காற்று சுவரைத் தழுவியபடி நுழைந்து சுழன்று இறங்க, கனமான துகள்கள் மையவிலக்கு விசையால் ஓரத்துக்கு ஒதுங்கி அடிக்கலனில் விழ, எஞ்சிய காற்று நடுவே மேலெழுந்து உச்சிக் குழாய் வழியே வெளியேறுகிறது. கூம்பின் வடிவம் பற்றி எவ்வளவோ ஆராயப்பட்டிருக்கிறது. ஆனால் கூம்பு பிரித்ததை மீண்டும் காற்றில் கலக்கவிடாமல் காப்பது அடிக்கலனே என்பதால், அதன் வரலாறும் தனியே கருதத்தக்கது.

காலணித் தொழில் இயந்திரங்கள் எழுப்பிய தூசியை அகற்ற முயன்ற பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டர்டிவன்ட், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1860களில் உறிஞ்சு விசிறியை உருவாக்கினார். தூசி தொல்லை மட்டுமன்று, உயிர்க்கேடும் ஆகும் என்பதை மினியாபோலிஸ் நகரின் வாஷ்பர்ன் 'ஏ' மாவாலை உணர்த்தியது. 1878 மே 2 அன்று அங்கே காற்றில் மிதந்த மாவுத்தூள் தீப்பற்றி வெடித்ததில் 18 பேர் மாண்டனர். மாவாலைகள் தூசி பிரிக்கும் வழிகளைத் தேடிய அக்காலத்தில், 1885இல், ஜான் ஃபின்ச் வகுத்த கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. மிச்சிகனைச் சேர்ந்த நிக்கர்பாக்கர் நிறுவனத்தின் உடைமையான அக்கருவியே இன்றைய சைக்ளோனின் மூதாதை.

மர ஆலைகள் இதை ஏற்றபோது வலிய அடிக்கலன் தேவைப்படவில்லை. விசிறி சைக்ளோனுக்கு முன்னால் நின்று காற்றை உள்ளே தள்ளியதால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்துக்குக் குறையவில்லை. பிரிந்த சீவல் சேமிப்பறையிலோ கொதிகலனுக்கு எரிபொருள் தரும் கிடங்கிலோ கொட்டியது. சிறு பட்டறைகளில் இந்த ஒழுங்கு தலைகீழானது. மரத்துண்டுகள் விசிறியின் அலகுகளைச் சிதைக்காதிருக்க விசிறியும் தூசி உறிஞ்சியும் பிரிப்பானுக்குப் பின்னால் வைக்கப்பட, பிரிப்பானும் கலனும் ஒருங்கே உறிஞ்சலுக்கு உள்ளாயின. இந்த இடமாற்றமே வலிய கலனைத் தேடவைத்த காரணம். இதை உணராமல் கலனைத் தேர்ந்தவர்களின் தொட்டிகள் நசுங்கின.

அத்தேடலுக்கு விடையாக அமைந்த இரும்பு டிரம் முற்றிலும் வேறொரு தொழிலில் பிறந்தது. திரவங்களை மரப் பீப்பாய்களில் நிரப்பி அனுப்பிய காலத்தில் பலகை இடுக்குகளின் வழியே ஒழுகல் ஓயாத சிக்கலாக இருந்தது. உலகை 72 நாளில் சுற்றிவந்த பத்திரிகையாளரான நெல்லி பிளை தம் கணவரின் மறைவுக்குப் பின் நியூயார்க்கின் புரூக்ளினில் நடத்திய அயர்ன் கிளாட் நிறுவனத்தில், ஹென்றி வேர்ஹான் வகுத்த உலோகப் பீப்பாய்க்கு 1905இல் காப்புரிமைகள் பெறப்பட்டன. இவ்வகைப் பீப்பாயின் வழித்தோன்றலே 55 அமெரிக்க காலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளும் இன்றைய டிரம். அதன் உடலைச் சுற்றி ஓடும் வரிமேடுகள் உருட்டுவதற்கு உதவுவதோடு சுவர் உட்குழியாமலும் தாங்குகின்றன. திரவத்தின் கனத்தை உள்ளிருந்து தாங்கச் செய்யப்பட்ட கலன், வெளிக்காற்றின் நெருக்கத்தையும் ஓரளவு தாங்கியது பட்டறைக்குக் கிடைத்த பேறு.

அந்த நெருக்கத்தின் அளவு பலருக்கும் வியப்பூட்டும். பெரிய விசிறி பொருத்திய அமைப்புகளில் அழுத்தக் குறைவு சில கிலோபாஸ்கலோடு நிற்க, பட்டறை வாக்குவம் கிளீனரில் குழாய் அடைபட்டால் அது 20 கிலோபாஸ்கல் வரை, அதாவது வளியழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை, எட்டக்கூடும். 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் மூடியின்மேல் அப்போது அழுந்தும் விசை 500 கிலோகிராம் எடைக்கும் அதிகம். தட்டையான பக்கங்களையுடைய பெட்டியும் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியும் இதற்கு ஈடுகொடுப்பதில்லை; 19 லிட்டர் வாளி உருண்டையாகவும் சிறிதாகவும் இருப்பதால் தாக்குப்பிடித்தாலும் விரைவில் நிரம்பிவிடுகிறது.

வலிமைக்கு நிகராகக் காற்றுப் புகாமையும் வேண்டும், ஏனெனில் மூடியின் விளிம்பில் நுழையும் சிறு கசிவுகூட அடியில் படிந்த நுண்தூளைக் கிளப்பி நடுச்சுழலோடு மேலே அனுப்பிவிடும். மூடி தனியே கழன்று, ரப்பர் வளையமும் நெம்பிப் பூட்டும் இரும்புப் பட்டையும் கொண்ட டிரம் வகை இதனால்தான் மேலானது. இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டார மரச்சாமான் தொழிலாளரிடையே மூக்குப் புற்றுநோய் மிகுதியாக இருந்ததை 1960களில் மருத்துவர்கள் கண்டறிந்ததும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்ததும், இத்தகைய கசிவைச் சிறு குறையாக எண்ணும் பழக்கத்துக்கு இடமின்றிச் செய்துவிட்டன.

பழைய டிரம்மை வாங்கும்போது அதில் முன்பு இருந்தது என்ன என்பதையும் விசாரித்தறிவது இன்றியமையாதது. எரியக்கூடிய திரவம் இருந்த கலனில் தங்கிய ஆவி, மூடியை வெட்டும் தீப்பொறியிலேயே வெடிக்கக்கூடும் என்பதால், உணவுப்பொருள் வந்த டிரம்மைத் தேர்வது நல்லது.