மிஸ் ஜோக்கிம் வீட்டு மூங்கில் புதர்

அம்மா சிங்கப்பூர் வந்து மூன்று வாரமாகியும் மால்களைத் தவிர வேறெதையும் நான் காட்டியிருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். 1859-இல் தொடங்கிய பூங்கா அது. 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் தனி டிக்கெட்டோடு இருப்பது தேசிய ஆர்க்கிட் தோட்டம், 1995-இல் திறந்தது.

நான் பூக்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா குனிந்து தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரித்துண்டுகள், அந்தரத்தில் தொங்கும் வேர்கள். "மண்ணே இல்லாம எப்படிடா பொழைக்குது?" என்றாள்.

பர்கில் ஹால் என்ற பழைய பங்களாவை ஒட்டி, பிரமுகர்களின் பெயர் வைத்த ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. புதிதாக உருவாக்கிய கலப்பினத்துக்கு விருந்தினர் பெயரைச் சூட்டும் வழக்கம் 1956-இல் ஆரம்பித்தது. அப்போதைய ஆளுநர் ராபர்ட் பிளாக்கின் மனைவி ஆன் பிளாக்தான் முதல் ஆள். பிறகு மார்கரெட் தாட்சர், நெல்சன் மண்டேலா என்று வரிசை நீள்கிறது.

"இந்தம்மா செடிக்கு என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலமா. வந்துட்டுப் போனாங்க."

"அப்ப வளர்த்தவங்க பேரு எங்க எழுதியிருக்கு?"

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்கள் வேலையில் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார், எந்தத் தேதியில் மாற்றினார் என்று கிட் சொல்லிவிடும். செடியைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியாது. அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அந்தப் பெயரையும் நீண்ட காலம் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம். 1981-இல் அறிவித்தார்கள். பென்சில் போல உருண்ட இலை, முழு வெயிலில் கொம்பைப் பற்றி ஏறும் கொடி, ரோஜாவும் ஊதாவும் கலந்த பூ. வாண்டா ஹூக்கரியானா, வாண்டா டெரெஸ் என்ற இரண்டு இனங்களின் கலப்பு. 1893-இல் ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் பூங்கா இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் அதைக் கொண்டுவந்து காட்டினார். ரிட்லி அதே ஆண்டு லண்டன் பத்திரிகையான கார்டனர்ஸ் கிரானிக்கிளில் எழுதினார். மிஸ் ஜோக்கிம் இரண்டு செடிகளைக் கலந்து இதை உருவாக்கியிருக்கிறார் என்பதுதான் செய்தி. இதில் குழப்பமே இல்லை.

குழப்பம் பின்னாளில் வந்தது. அவர் ஒன்றும் கலக்கவில்லை, வீட்டுத் தோட்டத்து மூங்கில் புதரில் தற்செயலாகப் பார்த்தார், மகரந்தம் சேர்த்தது ஏதோ கருவண்டு என்று ஒரு கதை. இது பல பத்தாண்டுகள் நிலைத்தது. கவனியுங்கள், கண்ணால் பார்த்து எழுதியவர் ஒரு தாவரவியலாளர். ஆனாலும் வண்டை நம்புவது எளிதாக இருந்திருக்கிறது.

இரண்டு கதைகளும் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லுக்கோ கொண்டைக்கடலைக்கோ உள்ளே இருப்பது போன்ற சேமித்த உணவு அதில் கிடையாது. ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சையின் பங்கை பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார் கண்டுபிடித்தது 1899-இல். பூஞ்சையே இல்லாமல் சர்க்கரை கலந்த அகரில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். 1928-இல் எரிக் ஹோல்ட்டம் இந்த முறையைச் சிங்கப்பூர் பூங்காவில் கொண்டுவந்தார். தாட்சர் பெயரில் இருக்கும் செடி வரை எல்லாம் அந்தக் கண்ணாடிக் குடுவைகளின் வாரிசுகள்.

ஆக்னஸிடம் இதெல்லாம் கிடையாது. அந்தக் காலத்தில் விதையைப் பழைய செடிகளின் வேரடியில் தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். முளைத்தால் உண்டு. அப்படித் தூவிய விதை புதரோரம் முளைத்து, ஒரு காலையில் அவர் கண்ணில் பட்டிருந்தால்? கண்டெடுத்ததும் உண்மை, உருவாக்கியதும் உண்மை. இது என் ஊகம்தான். 2016-இல் சிங்கப்பூர் அதிகாரபூர்வமாகவே அவரை உருவாக்கியவராக ஏற்றுக்கொண்டது.

ரிட்லி என்ற பெயரை நம்மில் சிலர் வேறு இடத்தில் கேட்டிருப்போம். 1877-இல் இதே பூங்காவுக்கு ரப்பர் கன்றுகள் வந்தன. மரத்தைக் கொல்லாமல் தினமும் பால் எடுக்கும் வெட்டுமுறையை வகுத்தவர் ரிட்லி. அவர் காட்டிய வழியில் மலாயா முழுக்க ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. விடியற்காலை இருட்டில் கத்தியோடு அந்த மரங்களுக்குள் நடந்தவர்களில் பெரும்பகுதி நம் ஊர்க்காரர்கள். ரிட்லி பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் பெயர் பெரும்பாலும் செக்ரோல் கணக்கோடு முடிந்துவிட்டது.

ஆக்னஸ் அந்த அளவுக்கு மறக்கப்பட்டவர் இல்லை. 1899 மலர்க் கண்காட்சியில் அவருடைய செடி அபூர்வ ஆர்க்கிட்டுக்கான முதல் பரிசு வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார். தண்டை ஒடித்து நட்டாலே வளர்கிற செடி அது. பிறகு கடல் கடந்து ஹவாய் வரை போய், அங்கே மாலை மாலையாகக் கோத்துப் போடுகிற பூவாகிவிட்டது.

மதியம் ஹில் ஸ்ட்ரீட்டில் உள்ள ஆர்மீனிய தேவாலயத்துக்குப் போனோம். 1835-இல் கட்டியது. அதன் வளாகத்தில் ஆக்னஸின் கல்லறைக்கல் இருக்கிறது. அதில் இருப்பதை நான் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். இவங்களா அந்தப் பூவை வளர்த்தது என்று கேட்டாள். ஆமாம் என்றேன், இந்த முறை தயங்காமல். கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையாலேயே தள்ளிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.