ஒரு நாள் லேட்டா வந்த மாரியஸ்

வியாழனோட நாலு பெரிய நிலவுகளைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா, கலிலியோன்னு டக்குனு சொல்லிடுவோம். சைமன் மாரியஸ் பத்திப் படிக்கிற வரைக்கும் நானும் அப்படித்தான்.

1610 ஜனவரி 7. இத்தாலியில, பதுவா நகரத்துல கலிலியோ தொலைநோக்கி வழியா வியாழன் பக்கத்துல மூணு புள்ளிகளைப் பார்க்கிறார். சில நாள்ல நாலாவதும் தெரியுது. மார்ச்லயே புத்தகம் போட்டுட்டார். நிலவுகளுக்கு மெடிசி குடும்பத்தோட பேர். அதே வருஷம் அவங்க அரசவையில வேலை. மனுஷன் விவரமானவர்!

ஜெர்மனியில ஆன்ஸ்பாக்ல இருந்த மாரியஸ் 1614-லதான் புத்தகம் போட்டார். முதல் குறிப்பை 1609 டிசம்பர் 29 அன்னிக்கே எழுதிட்டேன்னு அதுல சொல்றார். அப்போ இவர்தானே முதல்ல? அங்கதான் சிக்கல். அவர் ஊர்ல இருந்தது பழைய ஜூலியன் காலண்டர். 10 நாள் கூட்டிப் பாருங்க: ஜனவரி 8. ஒரே ஒரு நாள் வித்தியாசம்.

காலண்டர் விஷயத்தைச் சொல்லாம ஏமாத்திட்டார், என் கண்டுபிடிப்பைத் திருடிட்டார்னு 1623-ல கலிலியோ எழுதினார். எனக்கென்னவோ அது அநியாயமாத்தான் படுது. ரெண்டு பேரும் தனித்தனியா பார்த்திருக்கலாமே?

ஆனா அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ – இந்தப் பேரெல்லாம் மாரியஸ் புத்தகத்துல வந்தது. ஐடியா கெப்ளரோடது. மெடிசி பேரை இன்னிக்கு யாரும் சொல்றதில்லை.