பி.எம்.டபிள்யூ: மியூனிக்கிலிருந்து செங்கல்பட்டு வரை

பி.எம்.டபிள்யூ என்பது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கார் மற்றும் மோட்டார் சைக்கிள் நிறுவனம். 'பவேரிய மோட்டார் தொழிற்சாலைகள்' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். இந்தியச் சாலைகளில் நாம் பார்க்கும் பி.எம்.டபிள்யூ கார்களில் பெரும்பாலானவை மியூனிக்கிலிருந்து முழுக் காராகக் கப்பலேறி வந்தவை அல்ல. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடிக்கு அருகே உள்ள மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பூட்டி முடிக்கப்பட்டவை. 2007 மார்ச் 29 அன்று அந்தத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நிறுவனம் அதைச் 'சென்னை ஆலை' என்றே அழைக்கிறது. உண்மையில் அது இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில்.

ஜெர்மன் பொறியியல் மீது தமிழருக்கு ஒரு பழைய மரியாதை உண்டு. அந்த மரியாதையில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிவிட்டுத் தப்பியது. அதன்பின் 'எம்டன்' என்பது, யாருக்கும் பிடிகொடுக்காத கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் 'ஜெர்மன் மேக்' என்றால் மறுபேச்சில்லை என்ற எண்ணம் பட்டறைகளிலும் கடைகளிலும் பரவியது. பி.எம்.டபிள்யூவின் பெயர் இங்கே எளிதில் ஏற்கப்பட்டதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பெயர் உருவான வரலாறு நேர்கோட்டில் செல்வதன்று. அதில் பெருமையும் உண்டு, மறைக்கப்பட்டதும் உண்டு.

விமான எஞ்சினிலிருந்து காருக்கு

நிறுவனத்தின் தொடக்கத்தில் கார் இல்லை. கார்ல் ராப் என்பவர் 1913-இல் மியூனிக்கில் தொடங்கிய எஞ்சின் தொழிற்சாலை 1917-இல் பி.எம்.டபிள்யூ என்று பெயர் மாறியது. 1916 மார்ச் 7 அன்று நிறுவப்பட்ட பவேரிய விமானத் தொழிற்சாலை என்ற வேறொரு நிறுவனத்துக்கு 1922-இல் இந்தப் பெயரும் எஞ்சின் தயாரிப்பும் மாற்றப்பட்டன. அதனால்தான் நிறுவனம் தன் பிறந்த ஆண்டாக 1916-ஐக் குறிப்பிடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த விமான எஞ்சின்கள் உயரத்தில் ஆற்றல் குறையாமல் இயங்கியதால் பேர் பெற்றன. 1919-இல் ஃபிரான்ஸ் சீனோ டீமர் என்ற விமானி பி.எம்.டபிள்யூ எஞ்சினுடன் 9,760 மீட்டர் உயரம் பறந்து சாதனை படைத்தார்.

அதே ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் விமான எஞ்சின் தயாரிப்பைத் தடுத்தது. நிறுவனம் பிழைப்பதற்காக ரயில் பிரேக்குகளைச் செய்தது. 1923-இல் ஆர் 32 என்ற மோட்டார் சைக்கிள் வந்தது. இரண்டு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்தவாக்கில் நீண்டிருக்க, சங்கிலிக்குப் பதில் தண்டு மூலம் பின்சக்கரத்தைச் சுழற்றும் அந்த அமைப்பை அந்நிறுவனத்தின் பெரிய மோட்டார் சைக்கிள்களில் இன்றும் காணலாம். கார் தயாரிப்புக்கு நிறுவனம் வந்தது 1928-இல்தான். ஐசனாக் நகரில் இருந்த ஒரு கார் தொழிற்சாலையை அது விலைக்கு வாங்கியது. அங்கே அப்போது தயாரான 'டிக்ஸி' என்ற சிறு கார், இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்றுச் செய்தது. சொகுசுக்குப் பேர்போன நிறுவனத்தின் முதல் கார் ஆங்கிலேயரின் சிக்கன வண்டி!

நீல, வெள்ளைக் கட்டங்கள் கொண்ட வட்டச் சின்னம் சுழலும் விமான விசிறியைக் குறிக்கிறது என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. அவை பவேரியா மாநிலத்தின் நிறங்கள். 1929-இல் வெளியான ஒரு விளம்பரத்தில் விமானத்தின் விசிறி மேல் இந்தச் சின்னத்தைப் பொருத்தி வரைந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய கதையை நிறுவனமும் நீண்டகாலம் திருத்தவில்லை. நல்ல கதை விற்பனைக்கு உதவும் என்றால் யார்தான் மறுப்பார்கள்?

போரும் கட்டாய உழைப்பும்

1930களில் ஆறு சிலிண்டர் கார்கள், சிறுநீரக வடிவ முன் கிரில், பந்தயங்களில் வென்ற 328 என்று பெயர் ஓங்கியது. ஆனால் நாஜி ஆட்சியில் நிறுவனத்தின் வருமானம் காரிலிருந்து வரவில்லை. ஃபாக்கவுல்ஃப் 190 போர் விமானத்தில் பொருத்தப்பட்ட 801 வகை எஞ்சின் போன்றவற்றிலிருந்தே வந்தது. போர் நீள நீள ஆள் பற்றாக்குறை கூடியது. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள் ஆகியோர் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். மியூனிக்கை அடுத்த ஆலாக் தொழிற்சாலைக்கு அருகிலேயே டாஹாவ் வதைமுகாமின் கிளை முகாம் இயங்கியது. 1944-இல் நிறுவனத்தில் உழைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இப்படிக் கட்டாயத்தின் பேரில் கொண்டுவரப்பட்டவர்களே.

பிற்காலத்தில் நிறுவனத்தைக் காப்பாற்றிய குவாண்ட் குடும்பத்தின் கதையும் இதோடு பின்னியது. அக்குடும்பத்தின் பேட்டரித் தொழிற்சாலைகளிலும் கட்டாயத் தொழிலாளர்கள் இருந்தனர். 2007-இல் ஜெர்மன் தொலைக்காட்சியில் வெளியான ஓர் ஆவணப்படம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அக்குடும்பமே வரலாற்றாசிரியர் யோவாகிம் ஷோல்டிசெக்கிடம் ஆய்வை ஒப்படைத்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வு குற்றச்சாட்டுகளை உறுதி செய்தது. 2016-இல் நூற்றாண்டைக் கொண்டாடியபோது பி.எம்.டபிள்யூ நிறுவனம் கட்டாயத் தொழிலாளர்கள் பட்ட துன்பத்துக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. 'ஜெர்மன் தரம்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1959: கைநழுவ இருந்த நிறுவனம்

போருக்குப் பின் ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பகுதிக்குப் போனது. அங்கே தயாரான கார்கள் சில காலம் பழைய பெயரிலேயே விற்கப்பட்டன. வழக்குக்குப் பின் அவை இ.எம்.டபிள்யூ என்ற பெயரையும் நீலத்துக்குப் பதில் சிவப்பு நிறச் சின்னத்தையும் பெற்றன. மியூனிக்கில் இருந்தவர்களுக்குக் கார் தயாரிக்க இடமும் இல்லை, இயந்திரமும் இல்லை. மீண்டும் மோட்டார் சைக்கிள்களில் தொடங்கி, 1950களில் கார்களுக்குத் திரும்பினர். அப்போது செய்த பிழை விசித்திரமானது. ஒருபக்கம் சிலரே வாங்கக்கூடிய விலை உயர்ந்த கார்கள். எல்விஸ் பிரெஸ்லி ஓட்டிய 507 அவற்றில் ஒன்று. மறுபக்கம் முன்புறமே கதவாகத் திறக்கும், முட்டை போன்ற இசெட்டா என்ற குட்டிக் கார். நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார் எதுவும் இல்லை. நஷ்டம் ஏறியது.

1959 டிசம்பர் 9 அன்று மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம் கூடியது. நிறுவனத்தை டெய்ம்லர் பென்ஸ், அதாவது மெர்சிடிஸ் கார்களைத் தயாரிக்கும் போட்டி நிறுவனம், எடுத்துக்கொள்ள டாய்ச்சு வங்கியின் ஆதரவுடன் திட்டம் தயாராக இருந்தது. சிறு பங்குதாரர்களும் கார் முகவர்களும் கொதித்தனர். அவர்கள் சார்பில் பேசிய வழக்கறிஞர் ஃபிரீட்ரிக் மாட்டெர்ன் கணக்கறிக்கையில் ஒரு குறையைப் பிடித்தார். புதிதாக வந்திருந்த 700 மாடல் காரின் உருவாக்கச் செலவு முழுவதும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. அதனால் நஷ்டம் பெரிதாகத் தெரிந்தது. கணக்கைக் கேள்விக்குள்ளாக்கினால், பத்து விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டே கூட்டத்தை ஒத்திவைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஒத்திவைத்தார்கள். திட்டம் கலைந்தது. பெரும் பங்குதாரரான ஹெர்பெர்ட் குவாண்ட் மனம் மாறித் தன் பங்கைப் பெருக்கி நிறுவனத்தைத் தனித்தே நிற்க வைத்தார். வணிகவியல் படிக்கும் மாணவர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி இது. இன்று நாம் அறியும் பி.எம்.டபிள்யூ, எஞ்சினால் மட்டுமல்ல, ஒரு கணக்குக் குறிப்பாலும் பிழைத்தது.

1961-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட 1500 என்ற கார் அந்த நடுத்தர இடைவெளியை நிரப்பியது. பிறகு 1972-இல் 5 சீரிஸ், 1975-இல் 3 சீரிஸ், 1977-இல் 7 சீரிஸ் என வரிசை அமைந்தது. 'ஓட்டுவதில் மகிழ்ச்சி' என்பதே விளம்பர முழக்கமானது. பின்னால் உட்கார்ந்து போக மெர்சிடிஸ், தானே ஓட்டிப்போக பி.எம்.டபிள்யூ என்ற பேச்சு அப்படிப் பிறந்ததுதான். எல்லாக் கணக்கும் பலிக்கவில்லை. 1994-இல் வாங்கிய இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தை 2000-இல் வெறும் 10 பவுண்டுக்குக் கைமாற்ற நேர்ந்தது. மினி என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டனர். 2021-இல், டீசல் புகையைச் சுத்திகரிக்கும் நுட்பத்தில் போட்டியைத் தவிர்க்கக் கூடிப்பேசியதற்காக ஐரோப்பிய ஆணையம் பி.எம்.டபிள்யூவுக்கு 37.3 கோடி யூரோ அபராதம் விதித்தது.

செங்கல்பட்டில் என்ன நடக்கிறது?

இந்தியத் துணை நிறுவனம் 2006-இல் தொடங்கியது. அதற்கு முன்பே அந்தப் பெயர் இந்தியச் செய்தித்தாள்களில் வேறு காரணத்துக்காக அடிபட்டது. 1999-இல் டெல்லியில் விடியற்காலையில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் மோதி ஆறு பேர் இறந்த வழக்கை எல்லோரும் 'பி.எம்.டபிள்யூ வழக்கு' என்றே அழைத்தனர். காரின் மேல் குற்றமில்லை. ஆனால் பணபலத்தின் அடையாளமாக அந்தப் பெயர் மக்கள் மனத்தில் பதிந்தது அப்போதுதான்.

தொழிற்சாலைக்கு இந்த இடம் ஏன்? 1990களின் பிற்பகுதியிலேயே மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் வந்துவிட்டன. உதிரி பாகம் செய்வோர், ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள், துறைமுகம் மூன்றும் அருகிலேயே கிடைத்தன. மகேந்திரா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக உருவாக்கிய மகேந்திரா வேர்ல்டு சிட்டி, மின்சாரம், தண்ணீர், சாலை ஆகியவற்றோடு நிலத்தைத் தயாராக வைத்திருந்தது.

ஆனால் தொழிற்சாலை இந்தியாவில் அமைந்ததற்கு முதற்காரணம் சுங்க வரி. முழுக் காராக இறக்குமதி செய்தால், விலை உயர்ந்த கார்களுக்கு வரி காரின் மதிப்பு அளவுக்கே ஏறிவிடும். பாகங்களாகப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டினால் வரி பலமடங்கு குறைவு. எனவே வண்ணம் பூசி முடித்த உடற்கூடு கப்பலில் வந்து சேர்கிறது. தகடு அழுத்துவதும் பற்றவைப்பதும் வண்ணம் பூசுவதும் இங்கே இல்லை. கம்பிவடம், கண்ணாடி, இருக்கை, டாஷ்போர்டு என நிலையம் நிலையமாகப் பொருத்தி வருகிறார்கள். எஞ்சினும் அச்சும் கீழிருந்து எழும்பி உடற்கூட்டோடு சேரும் கட்டத்துக்கு ஜெர்மன் தொழிற்சாலைகளில் 'திருமணம்' என்று பெயர். முகூர்த்தம் மட்டும் பார்ப்பதில்லை.

2011 மத்திய பட்ஜெட் இந்த ஏற்பாட்டில் கைவைத்தது. எஞ்சினோ கியர்பாக்ஸோ ஏற்கெனவே பூட்டி முடித்து வந்தால் கூடுதல் வரி என்றது. இதன் விளைவாக, ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பி.எம்.டபிள்யூவுக்காக எஞ்சின்களையும் கியர்பாக்ஸ்களையும் இங்கேயே பூட்டித் தரும் தனித் தொழிற்சாலையை 2015-இல் தொடங்கியது. இருக்கை, கதவுப் பலகை, கம்பிவடம், புகைபோக்கி, குளிர்சாதனம் ஆகியவற்றையும் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் தரத் தொடங்கின. உள்நாட்டுப் பங்கு 50 விழுக்காடு வரை உயர்ந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதை விளம்பரப்படுத்த, அந்த ஆண்டு சச்சின் டெண்டுல்கர் தொழிற்சாலைக்கு வந்து ஒரு 5 சீரிஸ் காரைப் பூட்டினார்.

இந்தத் தொழிற்சாலையின் அளவை மிகைப்படுத்தக் கூடாது. அறிவிக்கப்பட்ட உச்சத் திறன் ஆண்டுக்கு 14,000 கார்கள். ஹூண்டாய் லட்சக்கணக்கில் தயாரிக்கிறது. பி.எம்.டபிள்யூவின் ஒரு லட்சமாவது கார் இங்கிருந்து வெளிவர 2022 வரை ஆயிற்று. வேலைவாய்ப்பும் ஆயிரக்கணக்கில் இல்லை. விற்பனையிலும் ஏற்ற இறக்கம் உண்டு: 2009-இல் மெர்சிடிஸை முந்தி முதலிடம் பிடித்தது, 2013-இல் அவ்விடத்தை ஆடி பிடித்தது, 2015-இல் மெர்சிடிஸ் மீண்டும் முன்னுக்கு வந்தது.

ஓசூரின் கதை வேறு. 2013-இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி, 310 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் அங்கே எஞ்சின் உட்பட முழுமையாகத் தயாராகி உலகெங்கும் ஏற்றுமதியாயின. மகேந்திரா சிட்டியில் நடப்பது பூட்டுதல். ஓசூரில் நடப்பது தயாரிப்பு. இரண்டையும் 'மேக் இன் இந்தியா' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம்.

பெயர் யாருடையது என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஊரோடு கட்டப்பட்டது; வேறெங்கோ செதுக்கிய சிலையை மாமல்லபுரம் சிற்பம் என்று விற்க முடியாது. காரின் சின்னம் அப்படியன்று. பரனூரில் பூட்டினாலும், அமெரிக்காவின் ஸ்பார்டன்பர்க்கில் தயாரித்தாலும், சின்னத்தில் இருப்பது பவேரியாவின் நீலமும் வெள்ளையும்தான். வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போகும் பி.எம்.டபிள்யூவின் உரிமையாளருக்கு, அந்தக் கார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றளவில்தான் உருப்பெற்றது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தாலும் பெருமையாகச் சொல்வாரா என்பது ஐயமே.

ஊரோடு கட்டப்படாத தொழில் எழுந்து போய்விடவும் கூடும். மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலை மூடப்படுவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு உற்பத்தி நின்றது. பி.எம்.டபிள்யூவைப் பொறுத்தவரை, இங்கு தங்கும் ஒரு பயன் மாணவர்களைச் சேர்ந்தது. 2018-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், பொறியியல், தொழிற்கல்வி நிறுவனங்களுக்கு 365 எஞ்சின்களும் கியர்பாக்ஸ்களும் இலவசமாகத் தரப்பட்டன. பாடப்புத்தகப் படத்தில் மட்டும் பார்த்ததைக் கழற்றி மாட்டிப் பார்க்க மாணவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

2025 ஜனவரியில், இந்தியாவில் பூட்டப்படும் முதல் பி.எம்.டபிள்யூ மின்சார காரான, நீண்ட அச்சிடை கொண்ட ஐஎக்ஸ்1, 49 லட்சம் ரூபாய் விலையில் அறிமுகமானது. அதுவும் செங்கல்பட்டில்தான் தயாராகிறது. பெட்ரோல் எஞ்சின் அதில் கிடையாது. 2011 வரிக்குப் பின் இங்கே வளர்ந்த எஞ்சின் பூட்டும் வேலை அந்தக் காருக்குத் தேவைப்படுவதில்லை.