ஒயின் ஷாப்பில் ஒயின் கிடைக்குமா?

போன மாதம் எங்கள் செட்டில் ஒருவனுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தது. ட்ரீட் கொடுக்காமல் தப்பிக்க முடியுமா? பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். கொத்து பரோட்டா, சிக்கன் சுக்கா, ஆம்லெட், ஆளுக்கொரு பன்னீர் சோடா. வேலை கிடைத்தவன் திடீரென்று கேட்டான்: "ஏன்டா, படத்துல எல்லாம் ஓட்டல்ல சாப்பாட்டோட ஒயின் ஊத்தி சியர்ஸ் சொல்றானுங்களே, நம்ம ஊர்ல அப்படி ஏதாவது இடம் இருக்கா?" இன்னொருவன், "பின்னாடி சந்துலதான் ஒயின் ஷாப் இருக்கே" என்றான். "ஒயின் ஷாப்புல ஒயின் கிடைக்குமா?" என்று இவன் திருப்பிக் கேட்க, எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் என்றால் மூன்று பேர். நான்காவது நண்பன் சிரிக்கவில்லை. அவன் அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரியும் என்பதால் பேச்சை மாற்றிவிட்டோம்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நண்பர்களோடு சாப்பிடுவது, குடிப்பது, கொண்டாடுவது என்ற மூன்றும் நம்மூரில் எப்போது சேர்ந்து இருந்தன, எப்போது பிரிந்தன? கொஞ்சம் நூலகம், கொஞ்சம் இணையம் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சங்க காலம். அங்கே மூன்றும் ஒன்றுதான். கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி என்று மதுவுக்கு எத்தனை பெயர்கள் பாருங்கள். பொருநராற்றுப்படையில் கரிகால் சோழன் ஒரு பொருநனுக்கு விருந்து வைக்கிறான். முடத்தாமக்கண்ணியார் என்ற புலவர் பாடியது. பாத்திரம் பாத்திரமாக மது, இரவும் பகலும் இறைச்சி. தின்று தின்று அந்த ஆளின் பல்லே, கொல்லைக் காட்டை உழுத கொழு மாதிரி தேய்ந்துபோனதாம். பஃபே என்று சொல்லிக் காசு வாங்கும் இன்றைய ஓட்டல்களில் யாருக்காவது பல் தேய்ந்திருக்கிறதா? :-)

பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒரு படி மேலே போய்ச் செய்முறையே சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி அகலமான தட்டில் ஆறவிட்டு, முளைத்த நெல்லை இடித்துச் சேர்த்து, சாடியில் ஊறவிட்டு, பிறகு பிழிந்து எடுப்பது. முளைகட்டிய தானியத்தைச் சேர்த்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அப்புறம்தான் நொதிக்கும். இன்று பீர் காய்ச்சுகிறவர்கள் பார்லியை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். மலைபடுகடாமில் தேனில் செய்த தேறலை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு. கொஞ்சமாகக் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் கூடச் சேர்ந்துகொள்வான் என்று நினைத்து அழுகிறார். ஒரு மன்னனைப் பற்றி ஒரு பெண் புலவர், கூடக் குடித்த நண்பனைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார். பள்ளிக்கூடத்தில் அதியமான் என்றால் நெல்லிக்கனியோடு நிறுத்திவிடுவார்கள்!

சரி, இவையெல்லாம் அரிசியும் பனையும் தேனும். திராட்சை ஒயின்? அதுவும் வந்திருக்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பார்த்து, யவனர் நல்ல குப்பிகளில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்திக் கொடுக்கக் குடித்து மகிழ்ந்திரு என்று வாழ்த்துகிறார். இது வெறும் கவிதை இல்லை என்பதற்குப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் சான்று இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். இத்தாலியிலிருந்தும் கிரேக்கத் தீவுகளிலிருந்தும் ஒயின் ஏற்றி வந்த சாடிகள் இவை. அளவுக்குச் சொல்வதென்றால் ஒரு சாதாரண ரோமானிய ஆம்போராவில் சுமார் 25 லிட்டர் பிடிக்கும். (எல்லாத் துண்டும் ரோமானியச் சாடி இல்லை. இந்தியாவில் ரோமானியம் என்று நினைத்திருந்த சில துண்டுகள் மெசொப்பொத்தேமியா பக்கத்துச் சாடிகள் என்று பின்னால் தெரியவந்தது.)

இங்கேதான் சுவாரசியமான விஷயம். அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில் என்ற அறிஞர், அவற்றில் அதிகம் இருப்பது கோஸ் என்ற கிரேக்கத் தீவின் வகை என்று கண்டார். கோஸ் ஒயின் என்ன தெரியுமா? கடல் தண்ணீர் கலந்த ஒயின்! உப்பு சேர்ந்தால் நீண்ட பயணத்திலும் கெடாது. ரோமானிய எழுத்தாளர் கேட்டோ கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே, இத்தாலியத் திராட்சையையும் கடல்நீரையும் வைத்து கோஸ் ஒயினின் நகலை எப்படித் தயாரிப்பது என்று தன் வேளாண்மை நூலில் எழுதிவைத்திருக்கிறார். ரோமில் அது பெரிய மனிதர்களின் சரக்கு இல்லை. சாதாரண ஜனங்கள் குடிப்பது, குறைந்த விலைக்குத் தாராளமாகக் கிடைப்பது. அங்கே கட்டுபடியாகும் ஒயின், கடல் தாண்டி இங்கே வந்ததும் பொற்கிண்ணத்தில் ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன். நக்கீரர் சொன்ன குப்பியும் கோஸ் சாடியும் ஒன்றேதான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த சாதாரண சென்ட் பாட்டிலை அத்தை பீரோவில் பூட்டி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

பிறகு காற்று மாறுகிறது. சமணமும் பௌத்தமும் மதுவைக் குற்றம் என்றன. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம். சோழர் காலத்தில் கள் இறக்குவது வரியாகவும் தடையாகவும் பதிவாகிறது. 'ஈழப்பூட்சி' என்பது கள் இறக்குபவர்கள் கட்டிய வரி. நிலத்தைத் தானமாகக் கொடுக்கும்போது அந்த ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று செப்பேட்டிலேயே விதி எழுதினார்கள். ஆனைமங்கலம் செப்பேட்டில் இது இருக்கிறது. அதை வெட்டிக் கொடுத்த முதலாம் ராஜேந்திரனின் தலைநகரம் நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம்தான். மாளிகைமேட்டில் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. அவன் அரண்மனையில் என்னென்ன பரிமாறினார்களோ!

திராட்சை ஒயின் அரியலூர்ப் பக்கம் வந்தது வேறு வழியில். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் தங்கி அடைக்கல அன்னை ஆலயத்தை வளர்த்தார். கத்தோலிக்கப் பூசைக்குத் திராட்சை ரசம் கட்டாயம், வேறு பானம் செல்லாது. ஆகவே குறைந்தது 18ஆம் நூற்றாண்டிலேயே கொள்ளிடக் கரையில் சில சொட்டு ஒயினாவது இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் திராட்சைத் தோட்டத்துக்கும் பாதிரியார்தான் காரணம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சைதான் பின்னர் கம்பம் பள்ளத்தாக்கில் பரவி, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியது.

இந்த இடத்தில் ஓர் அநியாயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. அரியலூர் மண்ணில் அம்மோனைட் கிடைக்கும், கடல் சிப்பிகள் கிடைக்கும். கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கே சுண்ணாம்புக்கல் படிந்தது. ஏறக்குறைய அதே யுகத்தில் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியிலும் கடலடியில் வெண்சுண்ணாம்பு படிந்தது. அந்தச் சுண்ணாம்பு மண்ணில் திராட்சை வைத்து, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் பாட்டில்களை அடுக்கி உலகத்துக்கே விற்கிறார்கள். நாம்? சிமெண்ட். :-( (அங்கே குளிர், இங்கே வெயில், அது தெரிந்துதான் புலம்புகிறேன்.)

வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளும் சாராயமும் ஏலம் விடப்பட்டு அரசாங்கத்துக்குப் பணம் கொட்டும் இனமாயின. அதனாலேயே மதுவிலக்கு விடுதலைப் போராட்டத்தின் பகுதியானது. பெரியார் தன் தோப்பில் 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் பில்லில் கட்டும் வரிக்கு அதுதான் பாட்டனார். 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கலைஞர் ஆட்சியில் தளர்வு, 1974இல் மறுபடி பூட்டு, 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் டாஸ்மாக் நிறுவனம், 1987இல் கள்ளுக்குத் தடை, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு. இந்த வரிசையைப் பரீட்சைக்குக்கூட நான் இப்படி மனப்பாடம் செய்ததில்லை.

'ஒயின் ஷாப்' என்ற பெயர் 2003க்கு முன் தனியார் நடத்திய கடைகளின் மிச்சம். ஏதோ ஒரு சாமி பெயரைப் போட்டுப் பக்கத்தில் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். கடை அரசாங்கத்துக்குப் போன பின்பும் பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. அங்கே ஒயின் பாட்டில் இருந்தாலும் அதைக் கேட்டு வருபவர் குறைவு. ஓடுவது பிராந்தி, ரம், பீர்தான். உலகத்தில் பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிப்பது. நம் நாட்டுப் பிராந்தியில் பெரும்பாலானது கரும்பாலை மொலாசஸிலிருந்து வரும் சாராவிக்கு நிறமும் மணமும் சேர்த்தது. ஆக, ஒயின் ஷாப்பில் ஒயினும் இல்லை, பிராந்தியில் திராட்சையும் இல்லை.

நண்பன் கேட்ட மாதிரி சாப்பாட்டோடு ஒயின் வேண்டுமென்றால், பார் உரிமம் உள்ள பெரிய ஓட்டல்களுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்கு அந்த அனுமதி கிடையாது. அதனால் சாப்பாடு வெளிச்சத்தில் ஓரிடம், குடி இருட்டில் வேறிடம் என்று ஆகிவிட்டது. வெறும் வயிற்றில், அவசரமாக, நின்றுகொண்டே ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொண்டு போவது விருந்தா? கள்ளக்குறிச்சி எங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. 2024 ஜூனில் அங்கே மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். இதைப் படித்த பிறகு 'சங்க காலத்தில் நாமெல்லாம் எப்படிக் கொண்டாடினோம்' என்று பெருமையடிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கரிகாலன் வீட்டு விருந்தில் பொருநனின் மனைவி வீட்டுக் கதையை யாரும் பாடவில்லை.

சாப்பாட்டுப் பாதியின் கதை வேறு. ஓட்டலில் நண்பர்கள் சேர்ந்து சாப்பிடுவது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காலத்து ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. 1957இல்கூடச் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. நாங்கள் நான்கு பேரும் நான்கு விதமான தெருவிலிருந்து வந்தவர்கள். எங்கள் தாத்தாக்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சிக்கனை எடுத்திருப்பார்களா? என் தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியும், நிச்சயமாக மாட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான்காவது நண்பனிடம் போனில் சொன்னேன். அதியமான் கதை வரைக்கும் கேட்டான். "எங்கப்பா கொஞ்சமா கிடைச்சாலும் அவரேதான்டா குடிப்பாரு" என்றான். என்ன சொல்வது என்று தெரியாமல் நான் சும்மா இருந்தேன். அவனே சிரித்துவிட்டு, அடுத்த ட்ரீட் எப்போது என்று கேட்டான்.

அது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதே கடை, அதே மேஜை. கடைசியாக ஒரே ஒரு பன்னீர் சோடாதான் மிச்சம் இருக்கிறது என்றார் கடைக்காரர். நான்கு டம்ளர் கேட்டு வாங்கி, அவன்தான் பிரித்து ஊற்றினான்.